குடுக்கை கட்டிக்கொண்டு பந்தயத்துக்கு வரலாமா?



கோடை விடுமுறையில் எங்கள் எறையூர்ப் பக்கம் வந்தால், கரும்புத் தோட்டத்துக் கிணறுகளில் 'தொபீர், தொபீர்' என்று சத்தம் கேட்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவன் மோட்டார் அறை மேலிருந்து குதிப்பான். தெரியாதவன் முதுகில் சுரைக்குடுக்கையோ, காலி பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு, படி ஓரமாகக் காலை உதைத்துக்கொண்டிருப்பான். நானும் குடுக்கை கட்டிக் கற்றுக்கொண்டவன்தான். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சரி, அந்தக் குடுக்கையோடு ஒருவன் பந்தயத்துக்கு வந்தால் சேர்த்துக்கொள்ளலாமா? சிரிக்காதீர்கள்! பெரியவர்களே விடாமல் வாதாடும் கேள்வி இது.

'டிரையத்லான்' என்ற விளையாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. ஒலிம்பிக்கில் 2000ஆம் ஆண்டு சிட்னியில் இது சேர்க்கப்பட்டது. 1,500 மீட்டர் நீச்சல், 40 கிலோ மீட்டர் சைக்கிள், 10 கிலோ மீட்டர் ஓட்டம். நம் நாட்டிலும் 2019இல் கோவாவின் மிராமர் கடற்கரையில் இதைவிட நீண்ட போட்டி ஒன்று நடந்தது. அதில் கடலில் மட்டும் 1.9 கிலோ மீட்டர் நீந்த வேண்டும்.

ஓடத் தெரிந்தவர்களும் சைக்கிள் மிதிக்கத் தெரிந்தவர்களும் நிறையப் பேர். அவர்களை மிரட்டுவது நீச்சல்தான். அதனால் சிலர், "வாயில் ஸ்நார்க்கல் வைத்துக்கொண்டு நீந்த விட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். ஸ்நார்க்கல் என்பது வளைந்த ஒரு குழாய். ஒரு முனை வாயில், மறு முனை தண்ணீருக்கு மேலே. முகத்தைத் தூக்காமலே மூச்சு விடலாம். (மூச்சுக்குழல் என்று தமிழில் எழுதலாம்தான். அறிவியல் பாடத்தில் தொண்டைக்குள் இருப்பதற்கு அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே!)

கேட்பவர்கள் சொல்லும் காரணம் லேசானதல்ல. டிரையத்லானில் உயிரிழப்பு நேர்வது பெரும்பாலும் நீச்சல் பகுதியில்தான். பயந்து, மூச்சு முட்டி, தடுமாறிப் போகிறார்கள். குழாய் இருந்தால் பயம் குறையும் என்பது அவர்கள் வாதம். ஆனால், உலக டிரையத்லான் அமைப்பின் விதிகள் ஸ்நார்க்கலையும் மிதவைகளையும் அனுமதிப்பதில்லை. அந்த விதி சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஏன்? நீச்சலில் கை வீசுவதை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். எப்போது தலையைத் திருப்பி மூச்சு இழுப்பது, எப்போது தண்ணீருக்குள் விடுவது என்பதுதான் பாதி வித்தை. அந்தப் பாதியைக் குழாயிடம் கொடுத்துவிட்டால், பக்கத்தில் மூச்சுக்குத் தலை திருப்பி நீந்துபவரோடு அவரை எப்படி ஒப்பிடுவது? இன்னொன்றும் உண்டு. நூறு பேர் நெருக்கியடித்து நீந்தும்போது ஒருவர் கை பட்டுக் குழாய் சாய்ந்தால், காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் வாய்க்குள் வரும்.

இந்தச் சண்டை 1875ஆம் ஆண்டிலேயே நடந்தது, தெரியுமா? இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே இருக்கும் ஆங்கிலக் கால்வாயை அந்த ஆண்டு மே மாதம் பால் பாய்டன் என்பவர் கடந்தார். எப்படி? காற்று ஊதி நிரப்பிய ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, மல்லாந்து படுத்து, கையில் துடுப்புப் போட்டுக்கொண்டு! ஊரே கொண்டாடியது. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில், மேத்யூ வெப் என்ற கப்பல் கேப்டன் உடம்பில் எண்ணெய் மட்டும் பூசிக்கொண்டு இறங்கினார். ஜெல்லி மீன் கொட்டியது. எதிர் நீரோட்டம் கரைக்குப் பக்கத்தில் பல மணி நேரம் அலைக்கழித்தது. 21 மணி 45 நிமிடம் நீந்திக் கரை சேர்ந்தார். பாய்டனும் துணிச்சல்காரர்தான். ஆனால் கால்வாயை முதலில் 'நீந்திக்' கடந்தவர் என்று புத்தகங்களில் இருப்பது வெப்பின் பெயர்.

நம்மவர்களும் இந்த வழியில் போனவர்கள்தான். இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே உள்ள பாக் நீரிணையை 1954இல் யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் போகவும் வரவும் நீந்தினார். 51 மணி நேரம்! நம் குற்றாலீஸ்வரன் 1994இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அவருக்கு வயது 12. சாதாரண நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி, உடம்பில் பூசும் கொழுப்பு, இவ்வளவுதான் அங்கே அனுமதி. கூட வரும் படகைத் தொட்டால் அந்த முயற்சி செல்லாது.

"அப்படியானால் டிரையத்லானில் வெட்சூட் என்ற ரப்பர் உடையை மட்டும் ஏன் விடுகிறார்கள்? அதுவும் மிதக்க வைக்குமே?" என்று உங்களில் ஒரு கெட்டிக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி! குளிர்ந்த நீரில் உடம்பு விறைத்துவிடக் கூடாது என்பதற்காக விடுகிறார்கள். தடிமன் 5 மில்லி மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் முன்னணி வீரர்களுக்கு அதுவும் இல்லை. ஆபத்தைத் தடுக்கும் அளவுக்கு உதவி, அதற்கு மேல் வேண்டாம் என்று கோடு போடுகிறார்கள். மிதவைக் கயிற்றையோ, நிற்கும் படகையோ பிடித்து மூச்சு வாங்கிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. அதை இழுத்து முன்னேறத்தான் கூடாது. பார்வையற்ற வீரர்கள் வழிகாட்டியோடு கயிறு கட்டி நீந்துகிறார்கள். வழிகாட்டி இழுத்துச் செல்லக் கூடாது.

கோட்டை அழித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2009இல் ரோம் நகர உலக நீச்சல் போட்டியில், புதுவகை வழுக்கு உடைகளின் உதவியால் 43 உலக சாதனைகள் விழுந்தன. நீந்தியது ஆளா, உடையா என்று எல்லோரும் கேட்க, 2010 முதல் அந்த உடைகளுக்குத் தடை வந்தது.

இவ்வளவும் எழுதும் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். 1992 பொங்கலுக்கு எங்கள் ஊர்க் கிணறு ஒன்றில் பையன்களுக்கு நீச்சல் பந்தயம். நான்தான் நடுவர். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் முதுகில் குடுக்கையோடு வந்து, "சார், இதோட சேத்துப்பீங்களா?" என்றான்.

"குடுக்கை கட்டினா அது நீச்சலாடா? போய் உட்காரு!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அவன் குடுக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, தனியாக அதே கிணற்றில் குதித்திருக்கிறான். மோட்டார் போட வந்த பெரியவர் ஒருவர் பார்த்ததால் பிழைத்தான். செய்தி கேட்டு ஓடினேன். திண்ணையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும், "இப்ப கட்டலை சார்" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

பந்தயத்தில் சேர்க்காதது தப்பில்லை. நான் சொன்ன விதம் தப்பு. அவனுக்கு ஓர் இடம் காட்டாதது அதைவிடத் தப்பு. ஸ்நார்க்கலும் துடுப்புக் காலணியும் மாட்டி நீந்துவதற்கென்றே 'ஃபின் சுவிம்மிங்' என்று தனி விளையாட்டு இருக்கிறது, உலகப் போட்டிகளும் நடக்கின்றன. டிரையத்லான் நடத்துபவர்களும், புதிதாக வருபவர்களுக்குப் பரிசுப் பட்டியலில் சேராத தனி நீச்சல் ஒன்றை வைக்கலாமே? அங்கே குழாயும் இருக்கட்டும், மிதவையும் இருக்கட்டும். பக்கத்தில் ஆள் மட்டும் இருக்க வேண்டும்.

அடுத்த பொங்கலுக்குக் குடுக்கைக்காரர்களுக்கென்று தனிப் பந்தயம் வைத்தோம். ஒன்பது பேர் வந்தார்கள். அவன் மூன்றாவதாக வந்து ஒரு சோப்பு டப்பா வாங்கிப் போனான். அதற்கு அடுத்த ஆண்டு குடுக்கை இல்லாமல் பெரிய பந்தயத்தில் பெயர் கொடுத்தான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா