'தார்' ஓடுவது தார் ரோட்டில்தானே? ஏ.டி டயரா, எம்.டி டயரா... மழைக்காலத்தில் எது கை கொடுக்கும்?

2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான ஜி.எஸ்.டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. செஸ் சேர்த்து 50 சதவீதம் வரை போன பெரிய எஸ்.யூ.வி வரியும் அதே நாளில் 40 சதவீதத்துக்கு இறங்கியது. வரிக்கு முன் 10,000 ரூபாய் என்று இருக்கும் ஒரு டயர், முன்பு 12,800 ரூபாய்க்கு வந்தது, இப்போது 11,800. ஸ்டெப்னியோடு சேர்த்து 5 டயர் மாற்றினால் 5,000 ரூபாய் மிச்சம்.

அந்த மிச்சப் பணம் எங்கே போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மஹிந்திரா தார், தார் ராக்ஸ், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா என எந்த வண்டியோடு டயர் கடைக்குப் போனாலும் பேச்சு ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அண்ணே, எம்.டி போட்டுப் பாருங்க, வண்டி லுக்கே வேற!"

லுக் மாறும் என்பது உண்மைதான். கூடவே பிரேக் பிடிக்கும் தூரமும் மாறும். அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஏ.டி, எம்.டி: என்ன வித்தியாசம்?

ஏ.டி என்றால் ஆல் டெரெய்ன், அதாவது எல்லா வகை நிலத்துக்கும் ஓரளவு பொருந்தும் டயர். எம்.டி என்றால் மட் டெரெய்ன், சேற்றுக்கென்றே செய்த டயர். இவை போக எச்.டி என்று ஒன்று இருக்கிறது. அது ஹைவே டெரெய்ன், நெடுஞ்சாலைக்கானது. ஜிம்னி கம்பெனியிலிருந்து எச்.டி டயரோடுதான் வருகிறது. தாரின் 18 அங்குல சக்கரத்தில் ஏ.டி டயர் வருகிறது.

வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். டயர் கடைக்காரர்கள் 'பட்டன்' என்று சொல்லும் ரப்பர் கட்டிகள் ஏ.டி டயரில் சின்னதாக, நெருக்கமாக இருக்கும். ஒவ்வொரு பட்டன் மேலும் பிளேடால் கீறியதுபோல் மெல்லிய கீறல்கள் இருக்கும். எம்.டி டயரில் பட்டன் பெரிது, இடைவெளியும் பெரிது, கீறல்கள் மிகக் குறைவு. பக்கச்சுவர் தடிமனாக இருக்கும், பட்டன்கள் தோள்பட்டை வரை இறங்கி வந்திருக்கும். டிராக்டரின் பின் சக்கரத்தைச் சின்னதாக்கிப் பாருங்கள், அந்த யோசனைதான் இது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் 'எம் பிளஸ் எஸ்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, 'இது மட் டயர்தான்' என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். மட் அண்ட் ஸ்னோ என்பதன் சுருக்கம் அது. சாதாரண ஏ.டி டயர்கள் பலவற்றிலும், எச்.டி டயர்கள் சிலவற்றிலும்கூட அந்த எழுத்து இருக்கும். பட்டன் அமைப்பைப் பார்த்துக் கொடுக்கும் குறிதானே தவிர, சேற்றில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த சான்றிதழ் இல்லை.

கரிசலில் எம்.டி-தான் ராஜா

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பில் மண் அப்பி, கால் இரண்டு கிலோ கனக்கும். தண்ணீரைக் குடித்து உப்பும் களிமண் அது. செருப்புக்கு நடப்பதேதான் டயருக்கும் நடக்கும். ஏ.டி டயரின் சின்ன இடைவெளிகளில் கரிசல் மண் அடைத்துக்கொண்டால், இரண்டு சுற்றில் அது மொட்டை டயர். ஃபோர் வீல் டிரைவ் போட்டாலும் நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்குமே தவிர வண்டி நகராது.

எம்.டி டயர் இங்கேதான் தன் விலையைச் சம்பாதிக்கிறது. இடைவெளி பெரிதாக இருப்பதால், சக்கரம் வேகமாகச் சுற்றும்போது அடைத்த மண் தெறித்து வெளியே விழுகிறது. பட்டன் மறுபடியும் மண்ணைக் கவ்வுகிறது. 2014 முதல் கோவாவில் மழைக்காலத்தில் நடத்தப்பட்டுவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் முழங்கால் சேற்றில் வண்டிகள் ஏறி வருவதற்கு, ஓட்டுநரின் திறமைக்கு அடுத்தபடியாக இந்த வகை டயர்தான் காரணம்.

ஆக, கரிசல் பூமியில் நிலம் வைத்து மழைக்காலத்திலும் தினமும் தோட்டத்துக்கு வண்டியில் போகிறவர், எஸ்டேட்டில் மண் பாதையே கதி என்று இருப்பவர் இவர்களுக்கெல்லாம் எம்.டி வாங்குவது வீண் செலவு இல்லை.

மணலில் கதை வேறு

'சேற்றிலேயே போகுது, மணல்ல போகாதா?' என்று தோன்றும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காய்ந்த மணலில் கவ்விப் பிடிக்க ஒன்றுமே இல்லை. எம்.டி-யின் பெரிய பட்டன்கள் மணலைத் தோண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்ளும். தூத்துக்குடி மாவட்டத்தின் தேரி மண்ணாக இருந்தாலும் கடற்கரை மணலாக இருந்தாலும், தேவை தோண்டுவது அல்ல, மேலே மிதப்பது. காற்றைக் குறைத்த ஏ.டி டயர் அதை எம்.டி-யைவிட நன்றாகவே செய்யும்.

(குதிரைமொழித் தேரி போன்ற இடங்கள் காப்புக்காடு. எந்த டயர் போட்டிருந்தாலும் அனுமதி இல்லாமல் உள்ளே வண்டியை விட்டால் வனத்துறை வழக்குதான் மிஞ்சும்.)

பாறைப் பாதை என்றால் எம்.டி-க்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. கூர்மையான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் பஞ்சர் கடையில் ஒட்ட முடியாது, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். எம்.டி-யின் தடித்த பக்கச்சுவர் அந்த அடியைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுவது போன்ற கல்லும் பள்ளமுமான பாதைகளில், சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஜீப்பில்தானே ஏறுகிறார்கள்!

நனைந்த ரோட்டில் அந்த எட்டு மீட்டர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். தார் வண்டியோ ஜிம்னியோ, பெரும்பாலான உரிமையாளர்களின் வண்டி மாதத்தில் 28 நாள் ஆபீஸ், ஸ்கூல், ஜி.எஸ்.டி ரோடு, இ.சி.ஆர் என்றுதான் ஓடுகிறது. மிச்சம் இரண்டு நாளில் ஏற்காடோ கொடைக்கானலோ போனால் அங்கேயும் தார் ரோடுதான்.

ஈரமான தார் ரோட்டில் வண்டியை நிறுத்துவது இரண்டு விஷயம்: ரோட்டைத் தொடும் ரப்பரின் அளவு, பட்டன் மேல் இருக்கும் அந்த மெல்லிய கீறல்கள். கீறல்களின் ஓரங்கள்தான் ரோட்டின் மேல் படிந்த நீர்ப்படலத்தைத் துடைத்து, ரப்பரை ரோட்டில் ஒட்ட வைக்கின்றன. எம்.டி டயரில் இரண்டுமே குறைவு. தேங்கிய தண்ணீரில் அதன் பெரிய இடைவெளிகள் நீரை வெளியேற்றும் என்பது சரி. ஆனால் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்து வழவழவென்று ஆகும் ரோட்டில் அது உதவாது.

இது எவ்வளவு பெரிய விஷயம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது எந்த டயரையும் சோதித்து எடுத்த எண் இல்லை, பள்ளிக்கூட இயற்பியல் கணக்கு. வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஈர ரோட்டில் பிடிப்பு 0.6 என்றால், பிரேக் மிதித்ததிலிருந்து சுமார் 42 மீட்டரில் நிற்கும். அதே பிடிப்பு 0.5 ஆகக் குறைந்தால் சுமார் 50 மீட்டர் வேண்டும். எட்டு மீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். முதல் வண்டி முழுசாக நின்றுவிட்ட அந்த இடத்தை, இரண்டாவது வண்டி மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் சாலையைக் கடக்கும் ஒருவரோ, திடீரென்று நின்ற ஷேர் ஆட்டோவோ இருந்தால்...

சேற்றில் மாட்டினால் டிராக்டர் வந்து இழுத்துவிடும். அரை நாள் போகும், கொஞ்சம் மானம் போகும், அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் அந்த வசதி இல்லை.

மற்ற குறைகள் இதோடு ஒப்பிட்டால் சின்னவை. 60-ஐத் தாண்டினாலே எம்.டி ஒரு ரீங்காரம் எழுப்பும். பாட்டு கேட்க வால்யூம் ஏற்ற வேண்டியிருக்கும். டயர் கனமாக இருப்பதாலும் உருள்வதற்கு அதிக சக்தி வேண்டும் என்பதாலும் மைலேஜ் இறங்கும். தார் ரோட்டில் பட்டன்கள் ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் தாழ்வாகவும் தேயும், அப்போது சத்தம் இன்னும் கூடும். பல எம்.டி டயர்களின் வேகக் குறியீடு 'க்யூ', அதாவது அதிகபட்சம் மணிக்கு 160 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் நம் ஊரில் யாரும் போகக் கூடாது என்பது தனி விஷயம்.

2022 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் டயர்களுக்குப் புதிய தர விதிகளை அறிவித்தபோது, அளந்து பார்க்கச் சொன்னது மூன்று: உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, ஈரத்தில் பிடிப்பு, சத்தம். எம்.டி வடிவமைப்பு விட்டுக்கொடுப்பது துல்லியமாக இந்த மூன்றைத்தான்.

டயரை மாற்றும் முன் காத்தை மாற்றுங்கள்

ஏ.டி டயரை வைத்துக்கொண்டே அதன் திறனைக் கணிசமாகக் கூட்ட ஒரு வழி இருக்கிறது. செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் பாதிப் பேர் செய்வதில்லை.

ரோட்டில் 30-க்கு மேல் பி.எஸ்.ஐ காற்றோடு ஓடும் டயரை, மணலில் இறங்கும் முன் 15 முதல் 18 வரை இறக்கினால் டயர் தட்டையாகிப் பரவும். தரையைத் தொடும் பரப்பு, முக்கியமாக நீளவாக்கில், கூடும். மணலில் மிதக்கும், கல்லை இடிக்காமல் அணைத்துக்கொண்டு ஏறும். சேற்றுக்கும் லேசாக இறக்கலாம், மணல் அளவுக்கு வேண்டாம். ரொம்ப இறக்கிவிட்டு ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்தே கழன்றுவிடும்.

திரும்ப ரோட்டுக்கு ஏறியதும் காற்று அடித்தே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் பக்கச்சுவர் சூடாகி டயர் வெடிக்கலாம். அதனால் காற்றை இறக்குகிறவர் கையில் ஒரு பிரஷர் கேஜும், 12 வோல்ட் கம்ப்ரஸரும் இருப்பது கட்டாயம். மிச்சமான 5,000 ரூபாயைப் போட வேண்டிய இடம் இதுதான்.

பெரிய சைஸ் போடலாமா?

எம்.டி போடுகிறவர்கள் அப்படியே ஒரு சைஸ் பெரிதாகவும் போட்டுவிடுகிறார்கள். ஜிம்னியின் அசல் சைஸ் 195/80 ஆர்15. விட்டம் 693 மில்லிமீட்டர். அதில் 235/75 ஆர்15 ஏற்றினால் விட்டம் 733-ஐத் தாண்டும், ஏறக்குறைய 6 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இனி அது 100 காட்டும்போது வண்டி 106-ல் போகும். இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் கூடுதல் சுமை. ஓரங்களில் உரசினால் அதற்கு லிஃப்ட் கிட் வேண்டும். செலவு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

சட்டமும் இருக்கிறது. வண்டியைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று 182ஏ பிரிவு சொல்கிறது. அதே சைஸில் ஏ.டி-யிலிருந்து எம்.டி-க்கு மாறுவதில் இந்தச் சிக்கல் வராது. மட்கார்டைத் தாண்டித் துருத்திக்கொண்டு நிற்கும் டயர்தான் போலீஸ் கண்ணிலும், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணிலும் முதலில் படும்.

ஸ்டெப்னியை மறந்துவிடுவது இன்னொரு வழக்கம். நாலு டயர் மட்டும் பெரிதாக மாற்றி, பின்கதவில் பழைய சைஸ் ஸ்டெப்னியே தொங்கினால், பஞ்சர் ஆன அன்று ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருக்கும். அந்த நிலையில் கெட்டியான ரோட்டில் ஃபோர் வீல் டிரைவ் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஆபத்து. கனமான எம்.டி-யைப் பின்கதவில் மாட்டினால் நாளடைவில் கதவின் கீல் தொய்வதும் உண்டு.

இரண்டுக்கும் நடுவே ஆர்.டி, அதாவது ரக்கட் டெரெய்ன் என்று ஒரு வகை வந்திருக்கிறது. தோற்றம் எம்.டி மாதிரி, நடத்தை ஏ.டி பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. லுக்குக்காகத்தான் எம்.டி என்று முடிவு செய்தவர்கள் அதற்கு முன் இதை ஒருமுறை பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் பக்கவாட்டில் அச்சடித்த நாலு இலக்க எண்ணைப் படித்துவிடுங்கள். 3525 என்றால் 2025-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. எம்.டி டயர்கள் பல கடைகளில் வேகமாக விற்காது. பழைய ஸ்டாக் தலையில் கட்டப்படும் வாய்ப்பு அதில்தான் அதிகம். பில்லில் ஜி.எஸ்.டி 18 சதவீதம் என்று இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துக்கொள்ளுங்கள்.