யார் கூற்று? யாருக்குக் கூற்று? - கிறித்தவரும் மறைநூல் பயிற்சியும்

மறைநூல் இல்லாத கிறித்தவ இல்லம் அரிது. திருமணத்திற்குப் பரிசாக வந்தது, தந்தையார் விட்டுச் சென்றது என்று அதற்கொரு குடும்ப வரலாறும் இருக்கும். ஆயினும் அதன் ஒரு நூலையேனும் முதல் அதிகாரம் தொடங்கி இறுதி அதிகாரம் வரை ஊன்றிக் கற்றோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால் தயக்கமே விடையாகிறது. நாம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் தனித்தனி வசனங்களே. சுவர் நாட்காட்டியில், புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையில், ஆட்டோவின் முதுகில், காலைதோறும் கைப்பேசிக்கு வரும் படத்தில் என, வசனம் தன் நூலைவிட்டுப் பிரிந்து தனிவாழ்வு நடத்துகிறது.

வசனத்தை மனத்தில் இருத்துவதில் தவறில்லை. ஆனால் இருத்தியது எதனை என்று அறியாதிருப்பதில் ஓர் இடர் உண்டு. தொடக்கம் சிறிதாயினும் முடிவு மிகப் பெரிதாகும் என்னும் பொருளமைந்த வசனம் ஒன்று நம்மிடையே பெரிதும் புழங்குகிறது. புதுக்கடையின் சுவரிலும் இல்லத் திறப்பு அழைப்பிதழிலும் அதைக் காணலாம். அது யோபு நூலின் 8-ஆம் அதிகாரத்து 7-ஆம் வசனம். அதைச் சொல்பவர் இறைவன் அல்லர், இறைவாக்கினரும் அல்லர். யோபின் நண்பன் பில்தாத் சொல்கிறான். மக்கள் பதின்மரையும் ஒரே நாளில் இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கும் தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான பலனை அடைந்தார்கள் என்னும் கருத்தை மூன்று வசனங்களுக்கு முன்னர்தான் அவன் கூறியிருக்கிறான். நூலின் முடிவிலோ இந்நண்பர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று இறைவனே கடிந்துகொள்கிறார். யோபின் பிற்காலம் முற்காலத்தைவிடச் செழித்தது உண்மையே. ஆனால் அது, நீ தூயவனாக இருந்தால் என்று பில்தாத் வைத்த நிபந்தனையின்படி நிகழ்ந்ததன்று. நாம் சட்டமிட்டு மாட்டியிருப்பது கடிந்துகொள்ளப்பட்ட வாயின் சொல்.

தமிழ் பயின்றோர்க்கு இது புதிய பாடமன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு உரைக்கும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவையும் அடங்கும். ஓர் அகப்பாடலைக் கையில் எடுத்தவுடன், பேசுவது தலைவியா, தோழியா, பரத்தையா என்று கேட்காமல் நாம் பொருள் கொள்வதில்லை. பரத்தை கூற்றைத் தலைவி கூற்றாகக் கொண்டால் பாடலே தலைகீழாகிவிடும். நம் இலக்கியத்திற்கு நாம் காட்டும் இந்த மரியாதையை, உயிரினும் மேலாக மதிப்பதாகச் சொல்லும் மறைநூலுக்குக் காட்ட மறுப்பது ஏன்?

அந்த ஐந்து கேள்விகளோடு அணுகும்போது வசனம் வலுவிழப்பதில்லை, வலுப்பெறுகிறது. எரேமியா நூலின் 29-ஆம் அதிகாரத்து 11-ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல எதிர்காலமும் நம்பிக்கையும் தரவே இறைவன் எண்ணுகிறார் என்னும் இவ்வாக்கு, தேர்வெழுதும் மாணவர்க்கும் வேலை தேடுவோர்க்கும் வழங்கப்படுகிறது. மூலத்தில் இது ஒரு கடிதத்தின் பகுதி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோர்க்கு எரேமியா எழுதியது. முந்தைய வசனமே எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகும் என்று அறிவித்த அனனியா என்பவன் பொய்யுரைத்தவன் என்பது அதற்கு முந்தைய அதிகாரத்துச் செய்தி. ஆக, அக்கடிதத்தைக் கேட்டவருள் பலர் தம் வாழ்நாளில் ஊர் திரும்பப் போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், உங்களைச் சிறைகொண்ட நகரத்தின் நலனையே நாடுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. பேரப்பிள்ளைகள் காணப்போகும் நாளுக்காக இன்று மரம் நடுகிறவரின் நம்பிக்கை இது. உடனடிப் பலனை எதிர்பார்ப்பவர்க்கு அட்டை போதும். நெடுங்காலத் துயரில் உழல்பவர்க்கு முழுக் கடிதமும் வேண்டும்.

பயிற்சியின் முதற்பயன் இதுவே: துயரின்போது அது நம்மை ஏமாற்றாது. நோயுற்றவரிடமும் பிள்ளைப்பேறு இல்லாதவரிடமும் உனக்கு விசுவாசம் போதவில்லை, குடும்பத்தில் ஏதோ பாவம் இருக்கிறது என்று கூசாமல் சொல்லும் குரல்கள் நம் நடுவே உண்டு. அவை மறைநூலின் பெயரால் பேசுவதால் கேட்பவர் நொறுங்கிப் போகிறார். யோபு நூலை முழுமையாகக் கற்றவர் அக்குரலைப் பில்தாத்தின் குரல் என்று அடையாளம் காண்பார். யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில், பிறவிக்குருடர் குறித்து யார் செய்த பாவம் என்று சீடர் வினவ, இவரும் அல்லர், இவர் பெற்றோரும் அல்லர் என்று இயேசு விடையிறுத்ததை நினைவுகூர்வார். இருளிலேயே முடிகின்ற 88-ஆம் சங்கீதமும் மறைநூலின் பகுதிதான் என்று அறிந்தவர், தம் அழுகையை அவிசுவாசம் என்று எண்ணி மறைக்க மாட்டார்.

இரண்டாவது பயன் விடுதலை. 1807-இல் இலண்டனில் ஒரு மறைநூல் அச்சிடப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகள் என்று தலைப்பே சொல்லிற்று. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரவேலர் விடுதலையான வரலாறு அதில் விடப்பட்டது. வேலைக்காரர் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் அறிவுரை இடம்பெற்றது. முழுநூலும் அடிமைகளின் கையை எட்டினால் என்னாகும் என்பதை வெட்டியவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். இன்று நம் மறைநூலை எவரும் வெட்டித் தருவதில்லை. படிக்காமல் விடுவதன் வாயிலாக அந்த வேலையை நாமே செய்துகொள்கிறோம். செல்வனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டும் சபையை யாக்கோபின் நிருபம் 2-ஆம் அதிகாரத்தில் வன்மையாகக் கண்டிக்கிறது. ஆலய இருக்கையிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் ஊர்களில் அந்த அதிகாரம் எத்தனை முறை ஊன்றிப் படிக்கப்பட்டிருக்கும்?

இதற்கெல்லாம் போதகரும் குருவானவரும் இருக்கிறார்களே, எளிய விசுவாசி ஆராயத் தொடங்கினால் பக்தி குன்றாதா என்று கேட்போர் உண்டு. பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு நாள்தோறும் ஒப்பிட்டு ஆராய்ந்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் நடபடிகள் நற்குணமுடையோர் என்று புகழ்கிறதேயன்றிப் பழிக்கவில்லை. அதே நூலில் எத்தியோப்பிய அமைச்சரிடம் பிலிப்பு கேட்ட கேள்வி, படிப்பது விளங்குகிறதா என்பது. வழிகாட்டி வேண்டும் என்பதே அமைச்சரின் மறுமொழி. வழிகாட்டி உடனிருந்து விளக்குபவர். நமக்குப் பதிலாகப் படிப்பவர் அல்லர். மறைநூலை அறியாமை கிறித்துவையே அறியாமையாகும் என்னும் கருத்தைப் புனித ஜெரோம் உரைத்தார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு அதையே எடுத்தாண்டு, மறைநூலை நம்பிக்கையாளர் அனைவரும் அணுக வழி செய்ய வேண்டும் என்றது.

தமிழ்க் கிறித்தவர்க்கு இதில் தனிக் கடமையும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், தமிழைக் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அவ்வூரிலேயே அச்சேற்றினார். இந்திய மொழிகளில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு அது. மக்கள் தாமே தம் மொழியில் படிக்கட்டும் என்பதற்கே அத்தனை பாடும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். அவ்வாறு கற்றதைக் கொண்டே 1854-இல் சைவதூஷண பரிகாரத்தில் பாதிரிமாரை எதிர்த்து வாதிட்டார். நம்பாத ஒருவர் வாதிடுவதற்காக அத்தனை ஆழமாகக் கற்ற நூலை, நம்பும் நாம் வாழ்வதற்காகக் கற்கக் கூடாதா?

கற்கும் வழி கடினமானதன்று. சிதறிய வசனங்களை விட்டு ஒரு நூலை முழுமையாக எடுத்துக்கொள்வோம். மாற்கு நற்செய்தி 16 அதிகாரங்களே உடையது. ஒரே அமர்வில் படித்துவிடலாம். பழைய மொழிபெயர்ப்பையும் 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துக்கொள்வோம். இரண்டும் வேறுபடும் இடத்தில் கேள்வி தானாகவே பிறக்கும். நாலைந்து பேர் கூடி, யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, எப்போது, எதற்காக என்று கேட்போம். விடை கிடைக்காத கேள்விகளை அஞ்சாமல் அடுத்த வாரத்திற்கும் வைத்திருப்போம். இவ்வளவுக்கும் நேரமில்லை என்போர் ஒன்றையாவது செய்யலாம்: கைக்கு ஒரு வசனம் வரும்போது, அதற்கு முன்னும் பின்னும் ஓர் அதிகாரம் படித்த பிறகே அதைப் பிறர்க்கு அனுப்புவது.