பச்சைப் பிள்ளைக்கு எதற்குப் பரீட்சை?

மூன்றரை வயதுக் குழந்தை. தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எதிரே மேஜை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இது என்ன நிறம்? அது என்ன மிருகம்? இங்கிலீஷில் சொல்!"

குழந்தை மிரண்டு போய் அழுகிறது. "உங்கள் பிள்ளைக்கு இடம் இல்லை" என்று பதில் வருகிறது.

தனியார் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் நடக்கும் காட்சி இது. அந்தக் குழந்தை செய்த குற்றம்தான் என்ன? எல்லாம் தெரிந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

கடற்கரைத் தாய்

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள கடற்கரை ஊர் இனயம். கடலை நம்பி வாழும் ஊர். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கரை திரும்பப் பல நாட்கள் ஆகும். வலை நிறைந்தால் வீட்டில் பணம். கடல் கொந்தளித்தால் கடன்.

இப்படிப்பட்ட வீட்டுத் தாய் ஒருத்தி, பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "தகப்பனார் வரவில்லையா? அவர் என்ன படித்திருக்கிறார்? மாதச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால், அவள் என்ன சொல்வாள்? தகப்பன் நடுக்கடலில் இருக்கிறான். கடல் யாருக்கும் மாதச் சம்பளம் கொடுப்பது இல்லை.

பெற்றோரின் படிப்பையும் பணத்தையும் பார்த்து இடம் கொடுத்தால், படித்தவர் பிள்ளைதான் படிக்கும். படிக்காதவர் பிள்ளை எப்போது படிப்பது?

அன்று அடைத்த கதவு

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி, கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 91 பேருக்கும் மேல். தமிழ்நாட்டிலேயே முதல் இடம்! பிள்ளைகளை வடிகட்டியதால் வந்த பெருமை அல்ல இது. கதவைத் திறந்துவிட்டதால் வந்த பெருமை.

அந்தக் கதவு சும்மா திறக்கவில்லை. 1956-ம் ஆண்டு வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-ல் உத்தரவு போட்டார். ஆனால், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகும் நெடுங்காலம் கதவு திறக்கவில்லை. பஞ்சமி என்ற சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்கு அய்யன்காளி அழைத்துப் போனார். ஆத்திரம் கொண்டவர்கள் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். இது நடந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

அன்று சாதியைக் கேட்டுக் கதவை அடைத்தார்கள். இன்று பணத்தைக் கேட்டு அடைத்தால், அதுவும் அடைத்த கதவுதானே?

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி, பள்ளியில் சேர்க்க நன்கொடை வாங்கக் கூடாது. வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம். குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் தடவை 25 ஆயிரம் ரூபாய் வரையிலும், மறு தடவை 50 ஆயிரம் ரூபாய் வரையிலும் அபராதம்.

தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 100-க்கு 25 இடங்களை ஏழைகளுக்கும் பின்தங்கிய பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். அவர்களுக்கு இலவசப் படிப்பு. செலவை அரசு கொடுக்கும். மனுக்கள் அதிகமானால் குலுக்கல்தான். 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு இந்த 25 சதவீத ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பு அளித்தது.

ஆனால், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் அதே கோர்ட்டு கூறியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் பல உண்டு. ஏழைக்குக் கல்வி கொடுக்கவே அவற்றில் பல தோன்றின. சட்டம் விலக்குக் கொடுக்கலாம். மனச்சாட்சி விலக்குக் கொடுக்குமா?

பள்ளிகளின் குறை

பள்ளி நடத்துகிறவர்களுக்கும் குறை உண்டு. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அரசு தரும் பணமோ காலம் கடந்து வருகிறது. 2025-ல் மத்திய அரசின் நிதி வராததால், தமிழ்நாட்டில் இந்த இலவசச் சேர்க்கை அக்டோபர் மாதம் வரை தள்ளிப்போயிற்று. அரசுகள் இப்படித் தகராறு செய்தால் தவிப்பது குழந்தைதான். பணத்தை உரிய காலத்தில் கொடுப்பது அரசுகளின் கடமை.

அதற்காக, அந்த நஷ்டத்தை ஏழைப் பெற்றோர் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது.

செய்ய வேண்டியது

எத்தனை இடம், எவ்வளவு கட்டணம், எந்தத் தேதி என்று பள்ளி வாசலில் தமிழில் எழுதிப் போடலாம். இடத்துக்கு மேல் மனு வந்தால், பெற்றோர் கண் முன்னே சீட்டுக் குலுக்கலாம். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுக்கலாம். இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு. பெரிய மனிதர் சிபாரிசைத் தேடி அலைகிறவரும், பையில் பணத்தோடு பின்வாசலில் நிற்கிறவரும் இன்னொரு பிள்ளையின் இடத்தைப் பறிக்கிறார்கள். கொடுக்கிற கை இருப்பதால்தான் வாங்குகிற கை நீள்கிறது. ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடுப்பது இல்லை என்று பெற்றோர் எல்லோரும் சேர்ந்து நின்றால், கேட்கிறவர் தயங்குவார்.

கடற்கரையில் மீனை ஏலம் விடுகிறார்கள். விலை ஊர் அறியக் கேட்கிறது. அதில் ஒளிவு மறைவு இல்லை. மீனை ஏலம் விடலாம். பிள்ளையின் படிப்பை ஏலம் விடக் கூடாது; அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு ஏலம் விடவே கூடாது!