பெயர் எழுதாத முகங்கள்

ஓர் ஓவியத்தையோ சிலையையோ கண்டவுடன் "இவர் யார்?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். "அது எப்படித் தெரியும்?" என்ற அடுத்த கேள்வியையும் நாம் அவர்களுக்குப் பழக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மொன்றியல் நுண்கலை அருங்காட்சியகத்திற்குச் சொந்தமான ஓவியங்களுள் இத்தாலிய ஓவியர் மந்தேனா தீட்டிய யூதித்தும் ஒன்று. வெட்டுண்ட தலையும் அதைப் பெற நிற்கும் பணிப்பெண்ணும் அவள் யாரெனச் சொல்லிவிடுகின்றன. வேலைக் கண்டு முருகனை அறிகிறோம் அல்லவா? ஆனால் உண்மையில் வாழ்ந்த மனிதரின் உருவமென்றால் வேலை அவ்வளவு எளிதன்று.

1470களில் லியனார்டோ டாவின்சி புளோரன்ஸ் நகரத்து ஜினெவ்ரா என்னும் பெண்ணை வரைந்தார். அவள் தலைக்குப் பின்னால் அடர்ந்திருப்பது ஜூனிப்பர் புதர். இத்தாலிய மொழியில் அதன் பெயர் 'ஜினேப்ரோ'. செடியே பெயரைச் சொல்கிறது! பலகையின் பின்புறம் அதே செடியின் கிளையைச் சூழ்ந்து வாகையும் பனையோலையும் தீட்டப்பட்டுள்ளன. அவை வெனிசுத் தூதர் பெம்போவின் சின்னங்கள். அங்குள்ள இலத்தீன் வாசகத்தின் அடியில் அவருடைய விருதுவாக்கியம் மறைந்திருந்ததை அகச்சிவப்புக் கதிர் ஆய்வு காட்டியது. கண்ணுக்குத் தெரிந்த சின்னத்தை எழுத்து உறுதி செய்தது.

இவ்வோவியம் உள்ள வாஷிங்டன் நகரிலேயே, பிரியர் கலைக்கூடத்தில், 1929இல் வாங்கப்பட்ட சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று நிற்கிறது. ஒரு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரம். செம்பியன் மாதேவி என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது இதைத்தான். உமையின் வழக்கமான வடிவினின்று உடலமைப்பு வேறுபடுவதால் இது அரசியே என்பர் சிலர். சோழச் சிற்பி ஆளின் சாயலைவிட இலட்சிய அழகையே வடித்தான், ஆதலால் சாயலை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது என்பர் வேறு சிலர். பூவேந்தும் வலக்கையும் தொங்கும் இடக்கையும் உமைக்கும் உரியனவே. சிலையில் பெயரில்லை. எனக்கு இரண்டாமவர் பக்கமே நியாயம் தெரிகிறது. நம் பாடநூல்களில் "எனக் கருதப்படுகிறது" என்று எழுதினால் அரசியின் புகழ் குறைந்துவிடாது.

ஐயமற்ற சான்றும் நம்மிடம் உண்டு. கோனேரிராசபுரத்தில் அவ்வரசி தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் எடுப்பித்த கற்றளியில், இலிங்கத்தை வழிபடும் உருவத்தின் கீழ் அவர் கண்டராதித்தரே என்று தமிழிலேயே வெட்டியிருக்கிறார்கள். அக்கால எழுத்துவடிவம் இன்றையது போன்றதன்று, மொழியோ நம்முடையது. அதைப் படிக்கத் தமிழ் வேண்டும். மொன்றியலில் பிறந்த பிள்ளை சனிக்கிழமைக் காலைத் தூக்கத்தை விட்டு ஏன் இங்கு வரவேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் காரணங்களுள் இதுவும் ஒன்று.