என்.ஜி.ஓ. வழக்கு என்னும் வசை

கொழும்பில் அரசு சாரா நிறுவனங்கள் போடும் வழக்குகள் வெளிநாட்டுக் காசுக்காகப் போடப்படுபவை, சாதாரண சனத்துக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அரசியல் மேடைகளில் அது பல ஆண்டுகளாக முழங்கப்படுகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர்களே அதைத் திருப்பிச் சொல்வதுதான் வேதனை. அந்த நம்பிக்கை பொய் என்பதற்கு அதே இரண்டு ஊர்களும் சாட்சி.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜ்களுக்குள் பொலிஸார் புகுந்தனர். விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டனர். சாமான்களை அள்ளிக் கட்டக்கூடப் பலருக்கு நேரம் கிடைக்கவில்லை. பஸ்கள் வவுனியாவுக்கும் கிழக்குக்கும் புறப்பட்டன. தகுந்த காரணமின்றித் தலைநகரில் தங்கியிருந்தார்கள் என்பதே அவர்கள்மீது சொல்லப்பட்ட குற்றம்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் எங்கே போவது என்பதை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. மனுவை உயர் நீதிமன்றத்தில் மட்டுமே தாக்கல் செய்யலாம். பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோ ஒரு மாதத்துக்குள் அதைச் செய்ய வேண்டும். உயர் நீதிமன்றம் இருப்பதோ கொழும்பின் புதுக்கடையில். பொலிஸ் காவலில் வவுனியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் எந்தச் சட்டத்தரணியைத் தேடுவார், எந்தப் பிரொக்சியில் கையெழுத்து வைப்பார்? அந்த லொட்ஜ்களில் இருந்தவர்கள் எல்லோரும் கையில் காசில்லாதவர்கள் அல்ல. வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காணியை ஈடு வைத்துப் பணம் திரட்டி வரும் இளைஞர்கள் தங்கும் இடங்கள் அவை. அந்தப் பணத்தாலும் அன்று காலை ஒரு சட்டத்தரணியைக் கொண்டுவர முடியவில்லை. காசிருந்தால் நீதி கிடைக்கும் என்ற பேச்சும் அந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

வழக்குப் போட்டது மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம். 1996இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் நிறைவேற்றுப் பணிப்பாளராக அப்போது இருந்தவர் பாக்கியசோதி சரவணமுத்து. வெளியேற்றப்பட்டவர்களுக்காகப் பொதுநலன் கருதி ஒரு நிறுவனமே மனுதாரராக நின்றது. மறுநாளே, ஜூன் 8ஆம் திகதி, தமிழர்களைக் கொழும்பிலிருந்து வெளியேற்றுவதையும் அவர்கள் கொழும்புக்கு வருவதையும் தங்குவதையும் மறிப்பதையும் நிறுத்தும்படி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்ப அழைத்துவரப்பட்டனர். போர்க்காலம் அது. ஒரு தமிழ்க் குடும்பம் தன் பெயரில் பொலிஸ் மா அதிபருக்கு எதிராக மனுப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்பதைக் கொழும்பில் அந்த ஆண்டுகளைக் கழித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பயத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டதே அந்த நிறுவனம் செய்த பெரிய உதவி.

அந்த உத்தரவால் துன்பம் தீர்ந்துவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் கொழும்பில் நடந்த சுற்றிவளைப்புகளில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் பிடிக்கப்பட்டனர், பலர் பூசா தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு வழக்கு ஓர் அநியாயத்தை நிறுத்தும், ஆட்சியின் மனத்தை மாற்றாது. ஆனால் லொட்ஜ்களைக் காலிசெய்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் வேலை அந்த அளவில் மறுபடி நடக்கவில்லை.

இத்தகைய நிறுவனங்கள் செய்யும், பத்திரிகையில் வராத உதவி இந்த வழக்கைவிடப் பெரியது. ஒரு மாதக் கெடு பலரை வீழ்த்துகிறது. மகன் கைதானதும் தாய் முதலில் எம்.பி. வீட்டுக்குப் போவார், பிறகு அமைச்சருக்குக் கடிதம் எழுதுவார், அதற்குள் நாள் கடந்துவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கெடுவில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டு வரும் ஒருவருக்கு இந்த விதி எப்படித் தெரியும்? அதைத் தமிழில் சொல்லி, முறைப்பாட்டை எழுதிக் கொடுத்து, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லும் ஆள் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில்தான் இருக்கிறார்.

வெளிநாட்டு நிதி வருவது உண்மை, அதை யாரும் மறைக்கவில்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசின் சட்ட உதவி ஆணைக்குழுவே ஐ.நா. அமைப்புகளின் துணையோடு பல வேலைகளைச் செய்திருக்கிறது. அங்கே குற்றமாகாத காசு இங்கே மட்டும் எப்படிக் குற்றமாகும்? அரசையே எதிர்த்து வழக்காடுபவர்களுக்கு அரச நிதியை எதிர்பார்க்க முடியாது. உள்ளூர்ச் செல்வர்கள் கோயிலுக்கும் பாடசாலைக்கும் தாராளமாகக் கொடுப்பார்கள், பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதியின் வழக்குக்குக் கொடுக்க அஞ்சுவார்கள்.

நியாயமான குறை ஒன்று உண்டு. நிதி நின்றால் திட்டம் நிற்கும், திட்டம் நின்றால் பாதி வழியில் இருக்கும் வழக்குக்குச் சட்டத்தரணி இல்லாமல் போகும். கொழும்புத் தமிழர் பணம் அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது. வெள்ளவத்தைக் கடைக்காரர்களும் கொட்டாஞ்சேனை வியாபாரிகளும் மாதாமாதம் ஒரு தொகையை அதற்கென ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை. தடுப்பது அந்தப் பழைய வசைதான்.