முதலில் கவனம், பிறகுதான் வேகம்

துப்பாக்கி சுடும் போட்டி என்றால் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் அசையாத மனிதர்கள். 2008ல் பெய்ஜிங்கில் ரைஃபிளோடு நின்ற அபினவ் பிந்த்ரா, 2024ல் பாரிஸில் பிஸ்டலோடு நின்ற மனு பாக்கர். இருவருமே மூச்சைக்கூட எண்ணி விடுகிறவர்கள். ஆனால் பிஸ்டலை வைத்துக்கொண்டு ஓடி, குனிந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சுடும் போட்டி ஒன்றும் உலகில் இருக்கிறது. அதன் பெயர் பிராக்டிகல் ஷூட்டிங். 'நடைமுறைச் சுடுதல்' என்று மொழிபெயர்த்தால் அரசுச் சுற்றறிக்கையின் தலைப்பு மாதிரி இருக்கிறது. பிராக்டிகல் என்றே விட்டுவிடலாம்.

இது அமெரிக்காவில் பிறந்தது. 1950களில் தெற்கு கலிபோர்னியாவில் ஜெஃப் கூப்பரும் நண்பர்களும் இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடும் போட்டிகளை நடத்தினார்கள். தற்காப்புக்கு உதவும் பயிற்சி எது என்று கண்டறிவதே அவர்களது நோக்கம். 'பிராக்டிகல்' என்ற பெயருக்கு அதுதான் காரணம். 1976ல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடிய மாநாடு இதற்கென ஒரு சர்வதேச சம்மேளனத்தை அமைத்தது. ஐ.பி.எஸ்.சி. என்பது அதன் சுருக்கப் பெயர். கூப்பரே முதல் தலைவர். அதன் பிறகு இது மெல்ல மெல்லத் தற்காப்பிலிருந்து விலகி விளையாட்டாகிவிட்டது. இன்று தலையில்லாத, ஆமை ஓடு போன்ற அட்டைதான் வழக்கமான இலக்கு. ராணுவ உடை மாதிரி உடுத்திக்கொண்டு வருவதைச் சம்மேளனம் விரும்புவதில்லை. கொரோனாவால் தள்ளிப்போன உலகப் போட்டி 2022ல் தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது.

சம்மேளனத்தின் முழக்கம் மூன்று லத்தீன் சொற்கள்: டிலிஜென்ஷியா, விஸ், செலரிடாஸ். துல்லியம், வலிமை, வேகம் என்று அவர்களே பொருள் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு முதல் சொல் கொஞ்சம் உறுத்தும். டிலிஜென்ஷியா என்றால் லத்தீனில் அக்கறை, கவனம். துல்லியம் என்பது அதன் விளைவு மட்டுமே. புதிதாக வருபவருக்கு இந்த விளையாட்டு கற்றுக் கொடுப்பதும் முதலில் கவனத்தைத்தான்.

முதல் தடவை கிளப்புக்கு வெறுங்கையோடு போங்கள் என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் யோசனை. பார்த்தாலே பாதி புரியும். ஒருவர் சுட்டு முடித்ததும் அட்டையில் விழுந்த ஓட்டைகளை எண்ணி, காகித வில்லைகளை ஒட்டி மூட வேண்டும். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. ஒட்டிக்கொண்டே கேள்வி கேட்கலாம். சுடும் முறை வருவதற்கு முன், அந்த அரங்கைச் சில நிமிடங்கள் நடந்து பார்க்க அனுமதி உண்டு. தொப்பை விழுந்த நடுத்தர வயதுக்காரர்கள் ஆள்காட்டி விரலைத் துப்பாக்கியாக்கி, மூலை முடுக்கெல்லாம் குறி பார்த்தபடி நடப்பது வேடிக்கையாக இருக்கும். எங்கே நிற்பது, எந்த அட்டையை முதலில் சுடுவது, எங்கே மேகஸினை மாற்றுவது என்று மனப்பாடம் செய்கிறார்கள்.

சாமான் பட்டியல் சிறியது. சாதாரண 9 மி.மீ. பிஸ்டல், விசைப் பகுதியை முழுவதும் மூடும் உறை, கெட்டியான பெல்ட், மூன்று நான்கு மேகஸின்கள், கண்ணாடி, காதடைப்பான். இதற்கு மேல் முதல் வருடம் செலவழிப்பது கடைக்காரருக்குத்தான் லாபம்.

இனி மதிப்பெண். கணக்கு எளிது, கண்டிப்பானது. எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுக்கிறார்கள். அட்டையின் நடுப்பகுதிக்கு 5 புள்ளி. அதைச் சுற்றிய பகுதிக்கு 3, ஓரத்துக்கு 1. இது வலிமை குறைந்த தோட்டாவுக்கு. வலிமை கூடியதென்றால் 4, 2. குறி தப்பினால் 10 குறையும். சுடக்கூடாத அட்டையில் பட்டாலும் 10 போச்சு.

எட்டு அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா என்று வைத்துக்கொள்வோம். முழுப் புள்ளி 80. மூன்று பேர் 9 மி.மீ. பிஸ்டலில் வலிமை குறைந்த தோட்டாவோடு வருகிறார்கள். முதலாமவர் பதினாறையும் நடுவில் சுட்டு 20 விநாடி எடுக்கிறார். விகிதம் 4. இரண்டாமவர் 12 விநாடியில் பறக்கிறார். எட்டு நடுவில், ஆறு சுற்றுப்பகுதியில், இரண்டு வெளியே. 38 புள்ளி, விகிதம் 3.17. மூன்றாமவர் பத்தை நடுவிலும் ஆறைச் சுற்றுப்பகுதியிலும் போட்டு 16 விநாடியில் முடிக்கிறார். 68 புள்ளி, விகிதம் 4.25. வென்றவர் இவர். அவசரக்காரர் கடைசி. சுத்தம் பார்த்து நேரத்தை விட்டவரும் முதலில் வரவில்லை. கண் அனுமதிக்கும் வேகத்தில் மட்டும் கையை ஓட விட்டவருக்குத்தான் பரிசு.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் போட்டியில் மிச்சமிருப்பவர்களுக்கு. புதியவர்களைப் பயமுறுத்துவது வேறொன்று: தகுதி நீக்கம். இடம் மாறும்போது விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியே. குழல் முனை பின்பக்கம், அதாவது 90 டிகிரி தாண்டித் திரும்பினால் வெளியே. சுடும்போது துப்பாக்கி கை நழுவினால் வெளியே. வெளியே என்றால் அந்தச் சுற்றிலிருந்து அல்ல, மொத்தப் போட்டியிலிருந்தும். உலக சாம்பியனுக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் ஒரே விதி. அழுது பயனில்லை. தகுதி நீக்கத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டெழுத்துச் சுருக்கம் டி.க்யூ. அமெரிக்காவின் டெய்ரி குவீன் ஐஸ்கிரீம் கடைக்கும் அதே எழுத்துகள். வெளியேறியவர் ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டார் என்று அங்கே கேலி செய்வார்கள்.

சுடாத நேரத்திலும் கட்டுப்பாடு தளர்வதில்லை. ரேஞ்ச் ஆபீசர் எதிரே நின்று சொல்லும்வரை எல்லாத் துப்பாக்கியும் காலி. உறையை விட்டு எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கென ஒதுக்கிய மூலைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு தோட்டாவைக்கூடத் தொடக்கூடாது, போலித் தோட்டாவானாலும் சரி. நடந்து போகும்போது காலித் துப்பாக்கி கீழே விழுந்துவிட்டதா? நீங்களே குனிந்து எடுக்காதீர்கள். ஆபீசரைக் கூப்பிடுங்கள், அவர் எடுத்துத் தருவார். நீங்கள் எடுத்தால் தகுதி நீக்கம். துப்பாக்கி விழுவதைவிட, பதறிப்போய் அதைப் பிடிக்கும் கைதான் ஆபத்து என்று அனுபவம் சொன்ன விதி இது. அதனால்தான் முதல் போட்டிக்கு வரும் ஒருவருக்கு அவர்கள் வைக்கும் இலக்கு ஒன்றே ஒன்று: வெளியேற்றப்படாமல் கடைசிவரை சுட்டு முடியுங்கள். எத்தனையாவது இடம் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

சரி, இந்தியாவில்? ஆசைப்படுபவர் முதலில் மோதுவது சட்டத்தோடு. இந்தப் போட்டிக்கான குறைந்தபட்சத் தோட்டா 9 மி.மீ. இந்தியாவில் அது தடை செய்யப்பட்ட வகை. போலீஸுக்கும் ராணுவத்துக்கும் உரியது. குடிமகனுக்குச் சாதாரண லைசென்ஸில் கிடைக்கும் .32 பிஸ்டலின் குண்டு அதைவிடச் சிறியது, போட்டியில் செல்லாது. லைசென்ஸ் வாங்குவதும் லேசான காரியமல்ல. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது.

இருந்தாலும் கதவு முழுக்க மூடவில்லை. 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலுக்கு, ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாத வரை லைசென்ஸ் வேண்டாம். ஒலிம்பிக்கின் 10 மீட்டர் போட்டி அதில்தான் நடக்கிறது. வேகம் வேண்டும் என்பவருக்கு 25 மீட்டர் ரேபிட் ஃபயர் இருக்கிறது. .22 பிஸ்டலால் வரிசையாக நிற்கும் ஐந்து இலக்குகளை முதலில் 8 விநாடி, பிறகு 6, கடைசியில் 4 விநாடிக்குள் சுட வேண்டும். நடையும் ஓட்டமும் இல்லை என்பதை விட்டால் பிராக்டிகலுக்கு இதுவே நெருங்கிய உறவு. 2012ல் லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்றது இதில். 2018 காமன்வெல்த் போட்டியில் 15 வயது அனிஷ் பன்வாலா தங்கம் வென்றதும் இதில்தான்.

சட்டத்தின் கெடுபிடியை நான் குறை சொல்லத் தயாரில்லை. கல்யாண ஊர்வலத்தில் சந்தோஷத்தில் சுடுவதைத் தனிக் குற்றமாக்கி, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை, லட்ச ரூபாய் வரை அபராதம் என்று 2019ல் எழுத வேண்டி வந்த நாடு இது. அப்படிச் சுடுகிறவர்களில் லைசென்ஸ் உள்ளவர்களும் உண்டு. லைசென்ஸ் கேட்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆனால் காகிதத்தில் இருக்கும் பயிற்சி விரலுக்கு வந்து சேர, தவறு செய்த நிமிடமே 'போதும், வீட்டுக்குப் போ' என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓடியாடிச் சுடும் அந்த விளையாட்டிலிருந்து நாம் உடனே கடன் வாங்கக்கூடியது இந்த ஆளைத்தான்.

பாரிஸுக்குப் பிறகு பிள்ளையை ஏர் பிஸ்டல் கிளப்பில் சேர்க்க விரும்பும் பெற்றோர் கிளப்பின் சுவரில் தொங்கும் பதக்கங்களை எண்ண வேண்டாம். அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஏதாவது ஒரு பையன் கையில் பிஸ்டலோடு நண்பனைப் பார்க்கத் திரும்புவான். அப்போது பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்தி அவனை உட்கார வைத்தால் பணத்தைக் கட்டுங்கள். 'காத்துத் துப்பாக்கிதானே சார்' என்று சிரித்தால் வேறு கிளப் பாருங்கள்.