சாப்பாடு போட ஆயிரம் பேர், சம்பளம் போட யார்?

இது நீளமான பதிவு. ஒரு காபியோடு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டுக் கட்டைவிரல் காட்டிப் போக வேண்டாம்.

போன வாரம் இரண்டு விஷயங்கள் நடந்தன. பத்தாம் வகுப்பு முடித்து 25 ஆண்டு ஆன என் மாணவர்கள், "சார், வெள்ளிவிழாவுக்கு ஏதாவது ஒரு இல்லத்தில் ஒருநாள் சாப்பாடு போடலாம் என்று இருக்கிறோம். நல்ல இடமாகச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். அதே வாரம் என் தங்கை மகன் குடும்பக் குழுவில், "மாமா, என்.ஜி.ஓ. என்றாலே பாதி திருட்டுக் கூட்டம். இதெல்லாம் கவர்ன்மென்ட் வேலை, நாம் ஏன் தலையிட வேண்டும்?" என்று எழுதியிருந்தான். ஒருவர் கொடுக்க நினைக்கிறார், இன்னொருவர் கொடுக்காதே என்கிறார். ஆனால் ஆதரவற்றவர்களைப் பார்த்துக்கொள்வது நம் மனம் போல நடக்கிற காரியம் என்றுதான் இரண்டு பேருமே எண்ணுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இது மாநகராட்சி கணக்குப் பார்த்து, மாதாமாதம் பணம் கட்ட வேண்டிய வேலை.

முதலில் சாப்பாட்டு விஷயம். சேலையூர், மேடவாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று நம் பக்கம் எந்த முதியோர் இல்லத்துக்குப் போனாலும், எந்த மாற்றுத்திறனாளிகள் காப்பகத்துக்குப் போனாலும் ஆபீஸ் அறையில் ஒரு நோட்டு இருக்கும். யார் எந்த நாளில் சாப்பாடு போடுகிறார் என்ற பதிவு அது. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, ஆகஸ்ட் 15 எல்லாம் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். ஒரே நாளில் மூன்று பேர் சாம்பார் சாதமும் ஜாங்கிரியும் கொண்டுவந்து இறக்குவார்கள். சர்க்கரை வியாதிக்காரப் பெரியவர்கள் அந்த ஜாங்கிரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த நோட்டில் இல்லாதவற்றைச் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்குப் படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் பெண்ணின் சம்பளம் அதில் இல்லை. பெரியவர்களுக்கான டயப்பர் இல்லை. கழிவுநீர் லாரிக்குக் கொடுக்கும் காசு இல்லை. மே மாதத்துத் தண்ணீர் லாரி இல்லை, கரண்ட் பில் இல்லை. குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போய், வரிசையில் நின்று, மாத்திரை வாங்கிவரும் ஆளின் கூலி இல்லை. "என் அப்பா நினைவாக ஒரு மாதக் கழிவுநீர் லாரி" என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க முடியாத செலவு எல்லாம் இல்லம் நடத்துபவரின் தலையில் விழுகிறது.

இது யார் வேலை என்று என் தங்கை மகன் கேட்கிறான். நல்ல கேள்வி. உள்ளாட்சிப் பாடம் நடத்தும்போது நான் சொன்னது உங்களில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் இருக்கின்றன. சாலை, குடிநீர், குப்பை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஒன்பதாவது இனம், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலனைப் பாதுகாப்பது. பதினொன்றாவது, நகர்ப்புற வறுமை ஒழிப்பு. ஆகவே இதை யாரோ நல்ல மனசுக்காரர் விருப்பப்பட்டுச் செய்யும் கூடுதல் வேலை என்று ஒதுக்க முடியாது. தெருவிளக்கு எந்தப் பட்டியலில் இருக்கிறதோ, இதுவும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் பிறந்தது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படியே ஏழு லட்சம் பேருக்கு மேல். நகரத்தில் ஒவ்வொரு லட்சம் பேருக்கும் குறைந்தது ஒரு விடுதியாவது வீடற்றவர்களுக்காக 24 மணி நேரமும், ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. பழைய மக்கள்தொகையை வைத்துப் பார்த்தாலே நமக்கு ஏழு விடுதிகள் வேண்டும். உங்கள் கவுன்சிலரிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை ஓடுகின்றன, எங்கே ஓடுகின்றன, யார் நடத்துகிறார்கள் என்று. தாம்பரம் ரயில் நிலையத்து மேம்பாலப் படியில் இரவு பத்து மணிக்கு மேல் யார் படுத்திருக்கிறார்கள் என்பதையும் ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

இப்போது பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்று மத்திய அரசு 2013-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் வீடற்றோர் விடுதியும் ஓர் அங்கம். கட்டடத்தை உள்ளாட்சி கொடுக்கும், தொண்டு நிறுவனம் நடத்தும். 50 பேர் தங்கும் விடுதியை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள். இதை நம் பழைய கரும்பலகைக் கணக்காகப் போடுங்கள். மாதம் 50 ஆயிரம். ஆளுக்கு மாதம் ஆயிரம். ஒரு நாளைக்கு 33 ரூபாய். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டால் தீர்ந்துவிடும்.

24 மணி நேரமும் ஒருவர் கண்விழித்து இருக்க வேண்டுமானால் எட்டு மணி நேரத்துக்கு ஒருவராகக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். மேலே ஒரு பொறுப்பாளர். நான்கு பேருக்கும் சேர்த்து மாதம் 50 ஆயிரத்துக்குள் என்றால் அதில் என்ன சம்பளம் கொடுக்க முடியும்? அதுவும் ஐந்து ஆண்டுக்குத்தான். பிறகு மாநிலமோ உள்ளாட்சியோ பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. அந்த இயக்கத்தின் காலமும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. திட்டத்துக்குத் தேதி போட்டு முடித்துவிடலாம். படியில் படுத்திருக்கும் பாட்டிக்கு எந்தத் தேதியைப் போட்டு முடிப்பது?

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காப்பகம் இருக்கிறது. பெயரும் வேண்டாம், பணம் தர வேண்டிய உள்ளாட்சியின் பெயரும் வேண்டாம். ஏழு மாதப் பில் நின்றுபோனது. ஆபீசில் ஆள் மாறினார், ஆடிட் கேள்வி வந்தது, ஒரு கையெழுத்துக்காகக் கோப்பு காத்திருந்தது. அதுவரை மளிகைக் கடைக்காரர் கடன் கொடுத்தார். நடத்தும் அம்மாள் தன் வளையலை அடகு வைத்துச் சம்பளம் போட்டார். கடைசியில் பில் வந்தபோது வட்டி வரவில்லை. நகரம் இங்கே நிதி கொடுத்தது என்றா சொல்வது? அந்த அம்மாள்தான் நகரத்துக்குக் கடன் கொடுத்தார், அதுவும் வட்டியில்லாமல்.

"இதற்கு வேறு வழி ஏது சார்?" என்று கேட்பீர்கள். வழி உங்கள் கண்ணெதிரே நின்று 31 ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறது.

நான் வேலை பார்த்தது அரசு உதவிபெறும் பள்ளி. பள்ளியை நடத்தியது ஓர் அறக்கட்டளை, லாபம் பார்க்காத அமைப்பு. எனக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம். இன்று என் ஓய்வூதியமும் அரசாங்கப் பணம்தான். இந்த ஏற்பாட்டின் வேர் 1854-ல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கையில் இருக்கிறது. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர் என்று விதி உண்டு. ஆய்வுக்கு அதிகாரி வருவார், வருகைப் பதிவேட்டைப் புரட்டுவார். அதற்குப் பிறகு மாதச் சம்பளம் எங்கள் வங்கிக் கணக்கில் ஏறும். முன்காலத்தில் சில நிர்வாகங்கள் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதியைக் கையில் கொடுத்த கதையை எனக்கு மூத்த ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். சங்கம் கட்டிப் போராடித்தான் அது மாறியது.

நான் கேட்பது இவ்வளவுதான். உதவிபெறும் பள்ளி இருக்கிற நாட்டில் உதவிபெறும் இல்லம் ஏன் இருக்கக் கூடாது? இத்தனை பேருக்கு இத்தனை பராமரிப்பாளர் என்று விதி வையுங்கள். ஆய்வு செய்யுங்கள். சம்பளத்தை நேராக அவர்கள் கணக்கில் போடுங்கள். பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த எனக்குக் கிடைத்த மரியாதை, ஒரு பெரியவரைக் குளிப்பாட்டும் பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை?

பணத்துக்கு எங்கே போவது? உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்தத் தொகைக்குள் நூலக வரி இருக்கிறது. சென்னை மாகாணம் 1948-ல் பொது நூலகச் சட்டம் போட்டது. சுதந்திர இந்தியாவில் அப்படிச் சட்டம் போட்ட முதல் மாகாணம் நாம்தான். அதன்பின்னே எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலகத்துக்கு என்று வசூலாகிறது. புத்தகத்துக்கு ஒரு வரி போடலாம் என்று 75 ஆண்டுக்கு முன்பே துணிந்த ஊர் இது.

பராமரிப்புக்கு ரூபாய்க்கு ஐந்து பைசா போடட்டும். அரையாண்டுக்கு 3,000 ரூபாய் வரி கட்டுகிற வீட்டுக்கு 150 ரூபாய் கூடும். மாதம் 25 ரூபாய். ஒரு தேங்காய் விலை வராது. 2022-ல் ஏற்கெனவே வரியை ஏற்றிவிட்டார்களே என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறீர்கள். சரி, புது வரி வேண்டாம். ஏறிய வரியிலேயே ஒரு பங்கை இதற்கென்று எழுதி ஒதுக்கட்டும்.

இங்கிலாந்தில் இருக்கும் என் மாணவர்கள் தங்கள் கவுன்சில் வரி பில்லைப் பார்த்தால் தெரியும். பெரியவர்களின் பராமரிப்புக்கென்று தனி வரி 2016 முதல் அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் 1974 முதல் நகரங்களுக்கு மத்திய அரசு தரும் மானியம் ஒன்று உண்டு. அதில் 15 சதவீதம் வரை சமூக சேவைகளுக்குச் செலவிடலாம். தொண்டு அமைப்புகள் விண்ணப்பிக்கும், மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்கும், யாருக்கு எவ்வளவு என்று வெளியிடுவார்கள். அங்கேயும் பணம் போதவில்லை என்று சண்டை இருக்கிறது. ஆனால் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று காட்ட ஒரு காகிதமாவது இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வசூலித்த நூலக வரியைப் பல உள்ளாட்சிகள் நூலகத் துறைக்குக் கட்டாமல் நிலுவை வைத்திருப்பது ஊரறிந்த செய்தி. ஆகவே பெயருக்கு ஒரு வரி மட்டும் போதாது. தனிக் கணக்கு வேண்டும், மாதாமாதம் பட்டுவாடா வேண்டும், தாமதமானால் வட்டி தர வேண்டும். நாம் வரி கட்டத் தாமதித்தால் வட்டி கேட்கிறார்கள் அல்லவா?

இனி திருட்டு விஷயம். என் தங்கை மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் அருகே ஓர் ஆசிரமத்தில் ஆட்கள் காணாமல் போனதும், கொடுமை நடந்ததாகப் புகார் எழுந்ததும் எல்லோருக்கும் தெரியும். உரிய உரிமம் இல்லாமல் ஓடிய இடம் அது. ஆனால் மாப்பிள்ளை, அதிலிருந்து நீ எடுக்கும் முடிவு தலைகீழானது. அரசுப் பணம் போகிற இடத்துக்குத் தணிக்கை பின்னாலேயே போகும். பணமே போகாத இடத்துக்கு எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்க மாட்டார். காவல்நிலையத்திலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் ஆதரவற்றவர்களை அழைத்துவந்து இந்த இல்லங்களில் விடுவார்கள், செலவுக்குப் பணம் மட்டும் தர மாட்டார்கள். "எப்படியோ நடத்திக்கொள்" என்று விட்டால் நல்லவர் கடனாளி ஆவார், கெட்டவர் தன் இஷ்டத்துக்கு நடத்துவார்.

கம்பெனிகள் இருக்கின்றனவே என்பார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகை மாட்டத் தோதான ஆர்.ஓ. மெஷின், கழிப்பறை, வேன் இவற்றுக்குத்தான் கொடுக்கிறார்கள். வேன் வாசலில் நிற்கும், டிரைவருக்குச் சம்பளம் இருக்காது.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்குகிறீர்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? காசநோயாளிகளுக்காக டாக்டர் சவுரி முத்து 1928-ல் சொந்த முயற்சியில் தொடங்கிய சிகிச்சை நிலையம் அது. 1937-ல் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்டது. அதனால்தான் பிற்காலத்தில் எச்.ஐ.வி. வந்து எல்லோரும் கதவைச் சாத்தியபோது அந்த மருத்துவமனை திறந்திருந்தது. ஒரு நல்ல மனிதர் தொடங்கினார், பொதுப்பணம் அதை நிலைக்க வைத்தது. அவர் காலத்தோடு முடிந்திருந்தால் இன்று ஸ்டேஷன் பெயர்ப்பலகைதான் மிஞ்சியிருக்கும்.

வெள்ளிவிழாப் பிள்ளைகளுக்கு என் யோசனை இது. ஒருநாள் சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை, ஒரு பராமரிப்பாளரின் சம்பளத்துக்காக மாதாமாதம் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் கவனம், உங்கள் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்கான அனுமதி பெற்ற அமைப்புக்குத்தான் அனுப்பலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியபோது நம் பம்மலுக்கு முதல்வரே வந்து உட்கார்ந்தார். அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்துப் போங்கள். சாக்கடை, தெருவிளக்கு கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே மூன்று கேள்வி கேளுங்கள். நம் மாநகராட்சியில் ஆதரவற்றோருக்கான விடுதிகள் எத்தனை? அவற்றை நடத்துகிறவர்களுக்குக் கடைசியாக எந்த மாதம் வரை பணம் கொடுத்திருக்கிறீர்கள்? இந்த ஆண்டு பட்ஜெட்டில் இதற்கு எவ்வளவு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

என்ன பதில் வந்தது என்று வார்டு எண்ணோடு கீழே கமெண்டில் போடுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து மேயருக்கும் ஆணையருக்கும் மனுவாக நானே எழுதித் தருகிறேன். பிழை திருத்துவது என் பொறுப்பு, கையெழுத்துப் போடுவது உங்கள் பொறுப்பு. என்னோடு மாறுபடுகிறவர்களும் எழுதலாம், மாப்பிள்ளை நீ உட்பட. முழுவதும் படித்துவிட்டு எழுதினால் போதும்.